முத்திரை இருந்தால் அசல் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஜேர்மனியின் பழைய துணைப்படைகளின், அதாவது அரசு இராணுவத்துக்கு வெளியே தளபதிகளும் கட்சிகளும் கட்டிய படைகளின், சின்னங்களையும் பதக்கங்களையும் சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சுவாரசியமாக எழுதியிருந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் பின்பக்கத்தில் தயாரிப்பாளர் முத்திரையும் எண்ணும் இருந்தால் அசல் என்று நம்பி வாங்கலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அதை நம்பி நம் பிள்ளைகள் யாராவது காசைக் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். போலி செய்கிறவன் முதலில் பழகுவதே அந்த முத்திரையை அடிக்கத்தான். ஊரில் பத்தரிடம் 916 என்று அடித்த சங்கிலியைக் கொடுத்தாலும் அவர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். இங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

நான் லூடன்ஷைட் நகரில் தகடு அழுத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஜேர்மனியின் மேற்குப் பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊர் பொத்தானுக்கும் பதக்கத்துக்கும் பேர்போனது. அஸ்மான், டொய்மர், ஸ்டைன்ஹவர் உண்ட் லூக் என்று சேகரிப்பவர்கள் வாயில் அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்த ஊர்க் கம்பனிகள்தான். அதனால் ஒரு சின்னத்தைக் கையில் எடுத்தால் அதன் முகத்தைவிட முதுகைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, இராணுவப் பதக்கத்தை விட துணைப்படைச் சின்னத்தில் ஏன் இவ்வளவு போலி? 1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்றதும் வேலையில்லாத அதிகாரிகளும் சிப்பாய்களும் மாணவர்களும் சேர்ந்து ஃப்ரைகோர்ப்ஸ் என்ற பெயரில் படைகள் கட்டினார்கள். 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கம்யூனிஸ்ட் தலைவர்களான ரோசா லக்சம்பேர்க்கையும் கார்ல் லீப்னெக்டையும் கொன்றவர்கள் இப்படிப்பட்ட படையினர்தான். 1920 மார்ச்சில் எர்ஹார்ட் கடற்படைப் பிரிவு என்ற இன்னொரு ஃப்ரைகோர்ப்ஸ் படை ஹெல்மெட்டில் ஸ்வஸ்திகா வரைந்துகொண்டு தலைநகருக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தது. இந்தப் படைகளில் பலவற்றுக்குத் தளபதி வைத்ததுதான் சட்டம். அவரே ஒரு சின்னத்தை யோசிப்பார், பக்கத்து ஊர் நகை வேலைக்காரனிடம் செய்யக் கொடுப்பார், தன் ஆட்களுக்குக் குத்திவிடுவார். எத்தனை செய்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒழுங்கான அரசுப் பதிவேடு கிடைப்பது அபூர்வம். ஆகவே இன்று விற்கிறவனிடம் "இது வழக்கமான அளவில் இல்லையே" என்று கேட்டால், "இது வேறு பட்டறையில் செய்தது, இன்னும் அபூர்வம்" என்று சொல்லி விலையை ஏற்றிவிடுவான்! அவன் சொல்வது பொய் என்று நிரூபிக்கவும் சுலபத்தில் முடியாது.

சிலேசியக் கழுகு என்ற சின்னத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலேசியா அன்றைக்கு ஜேர்மனியின் கிழக்கு எல்லைப் பகுதி. இது 1919 ஜூனில் 6ஆம் இராணுவக் கோர் என்ற பெரும்படையின் தளபதி ஃப்ரீடபேர்க் ஏற்படுத்தியது. மூன்று மாதம் எல்லையில் நின்றவனுக்கு இரண்டாம் தரம், ஆறு மாதம் நின்றவனுக்கு முதல் தரம். நெஞ்சில் பிறை வைத்த கழுகு, சிலேசியாவுக்காக என்ற வாசகம். பின்னாளில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது ஃப்ரைகோர்ப்ஸ் விருதுகளில் இதையும், பால்டிக் நாடுகளில் சண்டையிட்டவர்களுக்கான பால்டிக் சிலுவையையும்தான் சீருடையில் அணிய விட்டார்கள், மற்றதெல்லாம் பெட்டிக்குள் போனது. உடனே பழைய ஆட்கள் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிக் குத்திக்கொண்டார்கள், தொலைத்தவனும் வாங்கினான், இன்னும் பளபளப்பாக வேண்டும் என்றவனும் வாங்கினான். ஆக 1919இல் கொடுத்தது ஒன்று, இருபதுகளிலும் முப்பதுகளிலும் கடையில் விற்றது ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தது ஒன்று என மூன்று அடுக்கு இருக்கிறது. நடுவில் இருப்பது போலி அல்ல, ஆனால் அதை 1919 என்று சொல்லி விற்றால் அது ஏமாற்று. உங்கள் கட்டுரை அசல், போலி என்ற இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொண்டது. உண்மையான தலையிடி இந்த நடுப்பெட்டியில்தான் இருக்கிறது.

சமீபத்தில் இங்குள்ள நம் பையன் ஒருவன் பழைய சாமான் சந்தையில் வாங்கிய சிலேசியக் கழுகு ஒன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "மாமா, கம்பனி முத்திரை இருக்கு, பாருங்கோ" என்றான். முத்திரை அழகாகத்தான் இருந்தது. சமையலறை மேசையில் விளக்கைச் சாய்த்து வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தோம். இறகுகளின் இடுக்கில் ஊசி முனை அளவுக் குழிகள், வேலைப்பாடு இல்லாத வெற்றுப் பகுதி தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சில் அடித்த தகட்டில் இது வராது. எஃகு அச்சுக்கு நடுவே தகட்டை வைத்து டன் கணக்கில் அழுத்தும்போது உலோகம் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்பும், மேற்பரப்பு இறுகி வழவழப்பாக இருக்கும். உருக்கி ஊற்றினால்தான் காற்றுக் குமிழி தங்கும். அப்புறம் ஓரத்தைப் பார்த்தோம். அடித்த சின்னத்தை வெட்டும் கருவியால் சுற்றி வெட்டி எடுப்பார்கள், அதனால் ஓரத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள் தெரியும். இதில் அந்தக் கீறலே இல்லை, நட்ட நடுவில் வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு சுற்றி ஓடியது, அரத்தால் தேய்த்து மறைத்திருந்தார்கள். பின் ஊசியோ இன்றைக்குக் கைவினைக் கடையில் பாக்கெட்டில் தொங்கும் பூட்டு ஊசி. பையன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப முத்திரை?" என்றான். அசல் ஒன்றின் மேல் அச்சு எடுத்தால் அதில் இருக்கும் முத்திரையும் சேர்ந்துதானே வரும்!

இப்படி வார்த்ததைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி அளவு. உருகிய உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம் சுருங்கும். ஆகவே அசலிலிருந்து அச்சு எடுத்த போலி அசலை விட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். ஒரு வேர்னியர் அளவுகோல் இருந்தால் போதும், பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

எனாமலும் பேசும். பழையது கண்ணாடித் தூளை வைத்து உலையில் சுட்டது, சுட்ட பிறகு கல்லில் தேய்த்து உலோகக் கோட்டோடு சமமாக்குவார்கள். உடைந்தால் கண்ணாடிச் சில்லு போலத்தான் உடையும். இப்போதைய மலிவு வேலையில் வண்ணப் பிசினை ஊற்றிக் காயவிடுகிறார்கள், அது ஓரத்தில் ஏறி நடுவில் பள்ளமாக நிற்கும். துணிப் பட்டிகளுக்கும் கைப்பட்டைச் சின்னங்களுக்கும் புற ஊதா விளக்குப் பிடித்துப் பார்க்கலாம், போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டி சேர்த்த நூல் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிரும். அதிலும் ஒரு சிக்கல். அசல் துணியையே யாரோ ஒரு பாட்டி இன்றைய சலவைத் தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிராததெல்லாம் அசல் என்றும் இல்லை, வெண்மையூட்டி இல்லாத நூல் இன்றும் வாங்கலாம். (தயவுசெய்து பித்தளை என்று நினைத்துப் புளி போட்டு விளக்காதீர்கள். பழைய மெருகு போனால் அசலுக்குக்கூட விலை பாதியாகிவிடும், அதை விட முக்கியம், பார்த்துச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.)

முத்திரை பயன்படும் இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அது அசல் என்று காட்டாது, ஆனால் விற்பவன் சொல்லும் கதை பொய் என்று காட்டிக்கொடுக்கும். நாஜிக் கட்சியின் பொருட்களுக்கு அனுமதி வழங்கிய மூனிச் அலுவலகத்தின் ஆர்.இசட்.எம். முத்திரையை எல்லாரும் அறிவார்கள். அதோடு வரும் எம்1 என்று தொடங்கும் எண் வரிசை முப்பதுகளின் நடுப்பகுதியில் வந்தது. 1931 அக்டோபரில் ப்ரவுன்ஷ்வைக் நகரில் நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்.ஏ. படையினர் கூடியதற்கான சின்னத்தில் அந்த எண் இருந்தால், தாத்தா அன்றைக்கு அங்கேயே வாங்கிக் குத்தியது என்ற கதை அந்த இடத்திலேயே முடிந்தது. பின்னால் மறுபடி செய்ததாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். அதே போல எஸ்.ஏ. விளையாட்டுச் சின்னம் 1933இல் வந்தது, 1939 ஜனவரியில்தான் அதன் பெயரைப் பாதுகாப்புச் சின்னம் என்று மாற்றினார்கள். 1936 தேதியிட்ட சான்றிதழில் புதிய பெயர் இருந்தால் அதை எழுதியவன் வரலாறு படிக்கவில்லை என்று அர்த்தம்.

பின்பக்கத்தில் பெயர் செதுக்கியிருக்கும் சின்னங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஃப்ரான்ஸ் செல்ட்ட 1918 டிசம்பரில் மாக்டபேர்க்கில் தொடங்கிய, முன்னாள் சிப்பாய்களின் ஸ்டால்ஹெல்ம் அமைப்பு, உறுப்பினர் சேர்ந்த தேதி போட்ட சின்னம் கொடுத்தது, பலர் அதில் பெயரும் செதுக்கிக்கொண்டார்கள். வெறும் சின்னம் மலிவு, பெயர் இருந்தால் விலை கூடும், ஆகவே அசல் சின்னத்தின் மேலேயே இன்று பெயர் வெட்டுகிறார்கள். கையால் உளி போட்ட கோட்டின் அடி பளிச்சென்று ஒரே வெட்டாக இருக்கும், சுழல் கருவி போட்ட கோட்டில் நடுக்கம் தெரியும். பெயருக்கு ஆள் இருந்தாரா என்றும் பார்க்கலாம். நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகள் 1945இல் மூனிச் அருகே ஒரு காகித ஆலையில் கூழாகப் போகவிருந்து தப்பின, இப்போது பெர்லினில் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கட்சியின் தங்கச் சின்னத்தில் உறுப்பினர் எண் இருந்தால் அது யாருடையது என்று அங்கே எழுதிக் கேட்க வழி இருக்கிறது. இதைச் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது என்பது வேறு கதை.

சான்றிதழ் கொடுக்கிறார்களே என்பீர்கள். ஸ்டுட்கார்ட்டில் பழைய இராணுவப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்த கொன்ராட் குயாவு அவற்றுக்கான சான்றுக் கடிதங்களையும் தானே எழுதிக்கொண்டவர். அவர்தான் ஹிட்லரின் நாட்குறிப்பு என்று கட்டுக் கட்டாக எழுதித் தள்ளியது, 1983இல் அதை வெளியிட்ட ஷ்டேர்ன் பத்திரிகை அதற்கு 93 லட்சம் மார்க் கொடுத்திருந்தது. கையெழுத்து நிபுணர்கள் சரி என்று சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் தெரியுமா? ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மாதிரிகளிலும் குயாவு எழுதியவை இருந்தன. கடைசியில் ஆவணக் காப்பகம் காகிதத்தைச் சோதித்தது, ஐம்பதுகளில் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி அதில் இருந்தது, கதை முடிந்தது. சின்னம் சேகரிப்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். தன் சின்னத்தை நண்பன் சின்னத்தோடு ஒப்பிடுகிறான், நண்பனும் அதே வியாபாரியிடம்தான் வாங்கியிருப்பான். ஒப்பிட வேண்டுமானால் பெர்லின் ஜேர்மன் வரலாற்று அருங்காட்சியகம், ட்ரெஸ்டன் இராணுவ வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போங்கள்.

கட்டுரையில் எனக்கு இன்னொரு மனக்குறை. துணைப்படை என்றதும் எஸ்.ஏ., ஸ்டால்ஹெல்ம் என்று வலதுசாரித் தரப்பை மட்டுமே எழுதினீர்கள். ஸ்டால்ஹெல்ம் பிறந்த அதே மாக்டபேர்க்கில்தான் 1924 பெப்ரவரியில் குடியரசைக் காக்க ரைக்ஸ்பானர் என்ற அமைப்பு பிறந்தது. அதே ஆண்டில் கம்யூனிஸ்டுகளின் செம்முன்னணிப் போராளர் சங்கம் முஷ்டிச் சின்னத்தோடு வந்தது, 1931 டிசம்பரில் நாஜிகளை எதிர்க்க உருவான இரும்பு முன்னணி மூன்று அம்புகளைக் குத்திக்கொண்டது. 1933க்குப் பிறகு இவற்றை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து, ஆற்றில் எறிந்தார்கள், அடுப்பில் போட்டார்கள். அதனால்தான் அசலாகக் கிடைக்கும் ஒரு சின்ன முஷ்டிச் சின்னத்தை நான் ஒரு பெட்டி நாஜிச் சின்னங்களை விடப் பெரிதாக மதிக்கிறேன். விலை ஏறத் தொடங்கியதும் இவற்றுக்கும் போலி வந்துவிட்டது.

இந்தியாவில் இருந்து விசாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது சுபாஷ் சந்திர போஸ் 1942இல் ஜேர்மனியில் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் பதக்கங்களை. அவை வியன்னாவில் செய்யப்பட்டவை, வட ஆபிரிக்காவில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு கட்டிய படைக்கும் சில ஜேர்மனியர்களுக்கும் கொடுத்தவை. சின்ன எண்ணிக்கை, பெரிய உணர்ச்சி, இதை விட நல்ல சந்தை போலிக்காரனுக்கு வேண்டுமா? அதற்கும் மேலே சொன்ன லென்ஸும் அளவுகோலும்தான் வழி.

இங்கே ஜேர்மனியில் வாங்குபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் ஸ்வஸ்திகா உள்ளதைக் குத்திக்கொண்டு வெளியே போவதும் படம் எடுத்து நாலு பேர் பார்க்கப் போடுவதும் குற்றவியல் சட்டம் 86அ பிரிவில் உங்களை மாட்டிவிடும். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏல நிறுவனங்களின் பட்டியலில் அந்த இடத்தை மறைத்து அச்சிடுவது அதனால்தான். 1957 சட்டம் போர்க்காலப் பதக்கங்களை ஸ்வஸ்திகா நீக்கி அணிய அனுமதித்தது, எஸ்.ஏ. சின்னங்களுக்கும் கட்சிச் சின்னங்களுக்கும் அந்தச் சலுகை இல்லை.

கட்டுரையோடு போட்ட படத்திலும் சின்னத்தின் முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. அடுத்த முறை இப்படி எழுதினால் பின்பக்கம், ஊசி, ஓரம் மூன்றையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். முத்திரை பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
லூடன்ஷைட்டில் இருந்து ஒரு வாசகர்