ஆபிராம் தூங்கிட்டு இருந்தாரு பாஸ்டர்

அன்பான பாஸ்டர்மாருக்கு ஸ்தோத்திரம்,

"உடன்படிக்கைக் காணிக்கை"ன்னு கவர் குடுத்து, நீ உன் பங்கைச் செஞ்சா தேவன் அவர் பங்கைச் செய்வார்னு பேசுறீங்களே, நானும் அந்தக் கவர்ல போட்டவன்தான். ஆனா பைபிள்ல ஆதியாகமம் 15, அதாவது தேவன் ஆபிராமோட (பின்னாடி ஆபிரகாம்) உடன்படிக்கை பண்ற இடத்தை, திரும்ப வாசிச்சதுல இருந்து மனசு ஒப்பல.

அந்தக் காலத்துல உடன்படிக்கைன்னா மிருகத்தை ரெண்டா வெட்டி எதிரெதிரா வச்சு நடுவுல நடப்பாங்க, வார்த்தை தவறுனா எனக்கும் இதே கதின்னு அர்த்தம், எரேமியா 34:18ல வர்றதும் இதே வழக்கம்தான். எபிரெயுல உடன்படிக்கையை 'வெட்டுறது'ன்னே சொல்வாங்க. ஆபிராமும் 3 வயசு கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா எல்லாத்தையும் வெட்டி வச்சுட்டு, மேல வந்து இறங்குன பறவைங்கள விரட்டிக்கிட்டே காத்திருக்காரு, பொழுது சாயுற நேரம் பாத்து அசந்து தூங்கிடுறாரு! நடுவுல போனது தேவனுக்கு அடையாளமான புகையுற சூளையும் நெருப்பும் மட்டும்தான். அவரை யாரும் எழுப்பி நடக்கச் சொல்லல.

நோவாகிட்ட வானவில்லக் காட்டிச் சொன்ன உடன்படிக்கைல ஆடு மாடு பறவை எல்லாமே சேத்தி, அதுங்க என்ன காணிக்கை போட்டுச்சு?

சீனாய் மலையில இஸ்ரவேல் ஜனங்களோட பண்ண உடன்படிக்கை கதை வேற, ஒத்துக்கறேன். யாத்திராகமம் 24ல ஜனங்க "எல்லாம் செய்வோம்"னாங்க, மோசே ரத்தத்தை அவங்க மேல தெளிச்சாரு, நீங்க அடிக்கடி எடுக்குற, கீழ்ப்படிஞ்சா கிடைக்கும்ங்கிற உபாகமம் 28 ஆசீர்வாதமும் அந்த வழியில வந்ததுதான். ஆனா மலைக்குப் போன மோசே திரும்பி வர்றதுக்குள்ள கும்பிட பொன் கன்னுக்குட்டி சிலை ரெடி, அந்தச் "செய்வோம்" 40 நாள்கூட தாங்கல. அப்படி மீறிக்கிட்டே இருந்ததாலதான எரேமியா 31ல புது உடன்படிக்கைன்னே ஒண்ணு வருது, இருதயத்துல எழுதுவேன், பாவத்தை இனி நினைக்கமாட்டேன்னு. ராப்போஜனத்துல இயேசு பாத்திரத்தை எடுத்து "புதிய உடன்படிக்கை"ன்னதும் அதைத்தான், திருவிருந்து அன்னைக்கு நீங்களே வாசிக்கிறீங்க, அது முடிஞ்ச கையோட கவரையும் நீட்டுறீங்க.

தசமபாகத்துக்கு (வருமானத்துல பத்துல ஒரு பங்கு) மல்கியா 3:10 சொல்றீங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி 2:8 இருக்கு, லேவியின் உடன்படிக்கையை, அதாவது ஆசாரியர் குலத்தோட தேவன் பண்ணதை, கெடுத்துப்போட்டீங்கன்னு ஆசாரியர்களைத்தான் திட்டுது. அதுல ஒரு பிரசங்கம் நான் இன்னும் கேட்டதில்ல.

காணிக்கையே வேணாம்னு சொல்லல, சபைக்கு கரண்ட் பில் கட்டணும், தெரியும். அதைக் காணிக்கைன்னே கேளுங்க ஐயா, உடன்படிக்கைன்னு பேர் வைக்காதீங்க.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சு விசுவாசி