கழித்துப்போட்ட படங்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

கணினி வட்டு பழுதாகி, என் பதிவு அதோடு போன கதை உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி சொல்லவில்லை. பியூவிக் அன்னங்களை முகத்தை வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் காணும் அந்த முகப்பதிவு பெரும்பாலும் மீண்டுவிட்டது. நேற்றிரவுதான் கடைசிக் கோப்பைச் சரிபார்த்தேன். படபடப்பு அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பதிவை மீட்க உங்களிடம் உள்ள படங்களைக் கேட்டதும் கொட்டினீர்கள். சிறகு விரித்தவை, மூடுபனியில் மிதப்பவை, எல்லாமே சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் பியூவிக் அன்னத்துக்கு அடையாளம் சிறகிலா இருக்கிறது? அலகில் கறுப்பும் மஞ்சளும் கலக்கும் விதம்தான் பறவைக்குப் பறவை வேறு. 1964-ல் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பறவை ஆர்வலரும் ஓவியருமான பீட்டர் ஸ்காட் முகம் முகமாக வரையத் தொடங்கியது அதை வைத்துத்தான்.

அந்த நேரத்தில் வந்தது ஒரு அம்மாவின் பொட்டலம். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டார். "கழித்துப்போட்ட படங்கள், பார்க்க அழகாக இருக்காது" என்று ஒரு துண்டுச்சீட்டு. பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பறவைக்கும் இடப்பக்கம், வலப்பக்கம், நேர் எதிரே! சேறு அப்பிய அலகைக் கழுவிக்கொண்டு அது நிமிரும்வரை பொறுத்திருந்து எடுத்திருக்கிறார். நேராகப் பார்க்கும் அன்னம் அப்படியொன்றும் அழகில்லை, எந்தப் போட்டியிலும் பரிசு வாங்காது. ஆனால் இரு பக்கக் கோலமும் ஒன்றுபோல் இருப்பதில்லையே. ஒருவர் அனுப்பிய இடப்பக்கமும் இன்னொருவர் அனுப்பிய வலப்பக்கமும் ஒரே பறவைதான் என்று காட்டிக்கொடுத்தவை அந்த நேர்ப்படங்கள்தாம். படத்தின் பின்னால் பென்சிலில் தேதி, கூட நீந்திய துணை, குஞ்சுகள் எத்தனை என்ற விவரம். இந்த அன்னங்கள் துணையை விட்டுப் பிரிவது மிக அபூர்வம். பக்கத்தில் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. துணை செத்துப்போனால் வேறு சேரும் என்பதால், கடைசி முடிவு எப்போதும் அலகைப் பார்த்துத்தான்.

அம்மா, இனி நானும் எந்தப் படத்தையும் அழகில்லை என்று அழிக்கப்போவதில்லை.

படங்களை ஸ்கேன் செய்து கொடுத்தவர்கள், பறவைகளின் கால்வளைய எண்களைத் தட்டச்சு செய்தவர்கள், நள்ளிரவில் தொலைபேசியில் திட்டித் தூங்கவைத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. பதிவின் பிரதி இனி உங்களில் பலரிடமும் இருக்கும்.

சாம்பல் நிறக் குஞ்சுகளை இப்போதைக்கு விட்டுவிட்டேன், அவற்றின் அலகுக் கோலம் தெளியட்டும். வளர்ந்தவற்றில் சிலவற்றுக்கு இன்னும் நேர்ப்படம் இல்லை. நீங்கள் கழித்துப்போட்டதில் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.