ஸ்டேர்வே டு ஹெவனை நிறுத்தச் சொல்லாதீங்க, முழுசா போடச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க இணைப்புல பழைய ராக் பாட்டுகளைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன், அதுல லெட் ஜெப்பலின்ங்கிற பிரிட்டிஷ் ராக் குழுவோட ஸ்டேர்வே டு ஹெவன் பாட்டைப் போட்டுப் போட்டே தேய்ச்சாச்சு, இனிமே அதுல கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல, மூட்டை கட்டி வச்சிடலாம்னு எழுதியிருந்தாங்க. தேய்ச்சாச்சுங்கிறது உண்மை, நான் மறுக்கல. கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லங்கிறதை மட்டும் என்னால ஒத்துக்கவே முடியல, அதுக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கணும்.

பாட்டோட நீளம் 8 நிமிஷம் 2 செகண்ட். ஆரம்பத்துல ஜிம்மி பேஜோட அக்கூஸ்டிக் கிடார் மட்டும்தான், கீழ இருக்கிற ஸ்வரம் அரை அரையா இறங்கிட்டே வருது, மேல இருக்கிறது அதே நேரத்துல ஏறுது, ரெண்டும் விலகிப் போற அந்த இடத்துலயே மனசு என்னமோ பண்ண ஆரம்பிச்சிடும். அப்புறம் ஜான் பால் ஜோன்ஸ் வாசிச்ச ரெக்கார்டர் குழல்கள் வந்து சேருது, ராபர்ட் பிளான்ட் தணிஞ்ச குரல்ல பாட ஆரம்பிக்கிறாரு, 12 தந்தி எலெக்ட்ரிக் கிடார் நுழையுது, ஆனா ட்ரம்ஸ் எங்கேன்னு பாத்தா 4 நிமிஷம் தாண்டின பிறகுதான் வருது! ஜான் பான்ஹாம் மாதிரி ஒரு அசுர ட்ரம்மர் கையில இருக்கும்போது பாட்டோட பாதி வரைக்கும் அவரைத் தொடவே விடாம உக்கார வச்சிருக்காங்கன்னா அந்த நாலு பேருக்கும் என்ன ஒரு பொறுமை இருந்திருக்கணும். வேகமும் ஒரே சீரா இல்ல, நமக்குத் தெரியாமலே கூடிக்கிட்டே போகுது. 6வது நிமிஷத்தை ஒட்டி கிடார் சோலோ, அதை பேஜ் வாசிச்சது ஜெஃப் பெக்ங்கிற கிடார் கலைஞர் அவருக்குக் குடுத்த பழைய டெலிகாஸ்டர் எலெக்ட்ரிக் கிடார்ல. அதுக்கப்புறம் பிளான்ட் உச்சத்துக்குப் போய் அலறி, எல்லா வாத்தியமும் அடங்கி, கடைசி வரி குரல் மட்டும் தனியா நிக்குது.

அதாவது இந்தப் பாட்டு முழுக்க முழுக்கக் காத்திருப்புல கட்டினது. அடுத்தது என்ன, எப்போ வரும்னு கேக்குறவங்களை இழுத்துக்கிட்டே போறதுதான் அதோட உயிரே. மூணு நிமிஷ டான்ஸ் பாட்டை ஆயிரம் தடவை போட்டாலும் அதுக்குப் பெருசா சேதம் கிடையாது, கால் தானா ஆடும், அவ்வளவுதான். காத்திருக்க வைக்கிற பாட்டை ஓயாம போட்டா முதல்ல சாகுறது அந்தக் காத்திருப்புதான், அப்புறம் ஒருத்தர் வந்து இதுல ஒண்ணுமே இல்லையேன்னு சொன்னா அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. அதனாலதான் கட்டுரை எழுதினவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்க இந்தப் பாட்டைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சோன்னுதான் தோணுச்சு, காதுல விழுறதைச் சொல்லல, உக்காந்து கேக்குறதைச் சொல்றேன்.

இதுல வேதனை என்னன்னா, இந்தப் பாட்டை அளவா வெளிய விடணும்னு முதல்ல நினைச்சதே அந்தக் குழுதான். இந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் வந்தது 1971 நவம்பர் 8, அட்டையில குழுவோட பேரும் கிடையாது ஆல்பத்துக்குத் தலைப்பும் கிடையாது. உள் உறையில ஒரே ஒரு பாட்டோட வரிகளை மட்டும்தான் அச்சடிச்சாங்க, அது இதுதான். இதை சிங்கிளா, அதாவது தனிப் பாட்டுத் தட்டா விடலாம்னு அவங்க ரெக்கார்டு கம்பெனி அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் கேட்டப்போ மேனேஜர் பீட்டர் கிரான்ட் முடியாதுன்னுட்டாரு. சிங்கிளா விட்டா எங்கயாவது வெட்டிச் சுருக்கச் சொல்லுவாங்க, எட்டு நிமிஷத்தை நாலு நிமிஷம் ஆக்கினா மிஞ்சுறது என்ன? பாட்டு வேணும்னா முழு ஆல்பத்தையும் வாங்குன்னு ஆச்சு, ஜனங்களும் வாங்கினாங்க, அமெரிக்காவுல மட்டும் 2 கோடிக்கு மேல போச்சு அந்த ஆல்பம்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இந்தப் பாட்டை மேடையில முதல் முதல்ல வாசிச்சது 1971 மார்ச் 5, பெல்ஃபாஸ்ட்ல அல்ஸ்டர் ஹால்ல, ஆல்பம் வர்றதுக்கு எட்டு மாசம் முன்னாடி. அன்னிக்குக் கூட்டம் எழுந்து நின்னு கைதட்டிச்சுன்னு நினைப்பீங்க. ஜோன்ஸ் பின்னாடி சொன்னது வேற, தெரிஞ்ச பாட்டு எப்போ வரும்னு ஜனங்க சலிச்சுப்போய் உக்காந்திருந்தாங்களாம். இன்னிக்கு இது தெரிஞ்ச பாட்டுங்கிறதாலயே சலிக்குது, அன்னிக்குத் தெரியாத பாட்டுங்கிறதால சலிச்சிருக்கு. பாட்டு அதேதான், ஒரு ஸ்வரம் கூட மாறல.

அப்போ தேய்ச்சது யாரு? ரேடியோதான், அதுவும் குறிப்பா அமெரிக்க எஃப்எம் ரேடியோ. இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா கட்டுரையில இந்தப் பக்கத்தைத் தொடவே இல்ல. 1960கள் நடுவுல அங்க இருக்கிற தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு விதி கொண்டு வந்துச்சு, பெரிய ஊர்கள்ல ஏஎம்ல ஓடுற நிகழ்ச்சியையே முழுக்க அப்படியே எஃப்எம்லயும் ஓட்டிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு. திடீர்னு எஃப்எம்முக்குப் புதுசா நிகழ்ச்சி வேணும், ஆளும் கம்மி, விளம்பரமும் கம்மி, அதனால டிஜேக்கள் அவங்க இஷ்டத்துக்கு நீளமான ஆல்பம் பாட்டுகளை, சில நேரம் இசைத்தட்டோட ஒரு பக்கத்தையே கூட, போட ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி ஒரு இடம் இல்லாம போயிருந்தா சிங்கிளா வராத எட்டு நிமிஷப் பாட்டு ரேடியோவுல நுழைஞ்சிருக்கவே முடியாது. ஆக இந்தப் பாட்டைத் தூக்கி விட்டதும் எஃப்எம்தான், அதை நான் மறக்கல, அந்த டிஜேக்களுக்கு இன்னிக்கும் நன்றியோடதான் இருக்கேன்.

ஆனா 70கள்ல எஃப்எம்ல காசு வர ஆரம்பிச்சதும் ஆலோசகர்கள் வந்தாங்க. லீ ஏப்ரம்ஸ் மாதிரி ஆளுங்க ஆராய்ச்சி பண்ணி, எந்தப் பாட்டு போட்டா கேக்குறவன் ஸ்டேஷனை மாத்த மாட்டான்னு லிஸ்ட் போட்டு, அந்த லிஸ்டை ஊர் ஊரா ஸ்டேஷன்களுக்குக் குடுத்தாங்க, டிஜேவோட இஷ்டம்ங்கிறது போயிடுச்சு. 80கள்ல கிளாசிக் ராக்னு ஒரு தனி ஃபார்மட்டே வந்துச்சு. அதுல புதுப் பாட்டுக்கு இடம் கிடையாது, பழசுலயும் பரிசோதனையில பாஸ் பண்ணினதுக்கு மட்டும்தான் இடம். பரிசோதனைன்னா எப்படி தெரியுமா, ஜனங்களை ஒரு ஹால்ல உக்கார வச்சோ, ஃபோன்ல கூப்பிட்டோ, ஒவ்வொரு பாட்டுலயும் பத்து செகண்ட் கூட வராத ஒரு துண்டைப் போட்டுக் காட்டி மார்க் போடச் சொல்லுவாங்க, இப்படி நூத்துக்கணக்கான துண்டுகள். சார், எட்டு நிமிஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுற ஒரு பாட்டுல எந்தப் பத்து செகண்டை எடுப்பீங்க? எடுத்த துண்டைக் கேட்டு ஆளுங்க ஆமா தெரியும்னு தலையாட்டுவாங்க, தெரிஞ்சதாலயே மார்க் கூடும், மார்க் கூடினதால மறுபடி போடுவாங்க, போட்டதால இன்னும் நல்லாத் தெரியும். இந்தச் சுத்துல மாட்டின பாட்டு வெளிய வரவே முடியாது, வெளிய நிக்கிற பாட்டு உள்ள போகவும் முடியாது. 1996ல தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி ஒரு கம்பெனி நாடு முழுக்க எத்தனை ஸ்டேஷன் வேணாலும் வச்சுக்கலாம்னு ஆனதும் கிளியர் சேனல்ங்கிற கம்பெனி ஒண்ணு மட்டுமே ஆயிரத்துக்கு மேல ஸ்டேஷனை வாங்கிக் குவிச்சுது. லிஸ்டும் ஒண்ணாச்சு, கடற்கரைக்குக் கடற்கரை அதே முந்நூறு நானூறு பாட்டுதான்னு கேக்குறவங்க புலம்ப ஆரம்பிச்சாங்க. நம்ம கட்டுரையாளர் சலிச்சுக்கிறது இந்த ஏற்பாட்டைப் பாத்துதான், ஆனா திட்டு மட்டும் பாட்டுக்குப் போகுது.

கிடார் கத்துக்கிற பசங்களைக் கிண்டல் பண்ணியிருந்ததும் எனக்குப் பிடிக்கல. 1992ல வந்த வேய்ன்ஸ் வேர்ல்ட் படத்துல கிடார் கடையில ஸ்டேர்வே வாசிக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருப்பாங்க, அதுலேர்ந்து அந்தப் பேச்சு நிக்கவே இல்ல, யாராவது அந்த முதல் ஸ்வரத்தைத் தொட்டாலே சுத்தி இருக்கிறவங்க முகம் சுளிக்கிறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. புதுசா கத்துக்கிற பிள்ளைக்கு ஒரே கையில ரெண்டு குரல் எப்படித் தனித்தனியா நகரும்னு அந்த முதல் நிமிஷம் மாதிரி சொல்லித் தர்ற பாடம் குறைவு. கட்டை விரல் இறங்கணும், மத்த விரல்கள் ஏறணும், அது சரியா வந்த நாள்ல அந்தப் பிள்ளைக்கு வர்ற சந்தோஷத்தை நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன். நமக்குப் பழசா இருக்கலாம், அதுக்கு அது முதல் தடவை, தயவு செஞ்சு வாசிக்க விடுங்க.

அந்த ஆரம்பத்தைப் பத்திதான் கோர்ட் கேஸே நடந்துச்சு. ஸ்பிரிட்ங்கிற குழுவோட டாரஸ்னு 1968 பாட்டுலேர்ந்து எடுத்ததுன்னு 2014ல வழக்குப் போட்டாங்க, 2016ல லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி லெட் ஜெப்பலின் பக்கம் சொல்லிச்சு, அப்பீல்ல ஒரு தடவை மறு விசாரணை வேணும்னாங்க, அப்புறம் 2020ல அதே கோர்ட்டோட பெரிய பெஞ்ச் ஜூரி சொன்னதே சரின்னு முடிச்சுது, உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கல. பழைய சட்டப்படி பதிவு பண்ணின நொட்டேஷன் பேப்பரைத்தான் ஒப்பிட்டுப் பாக்கணும், ரெக்கார்டைப் போட்டுப் பாத்து அதை வச்சு முடிவு பண்ண முடியாது. என் கருத்து என்னன்னா, இறங்கிட்டே வர்ற அந்த பேஸ் வரிசை நூத்தாண்டுக் கணக்கா இருக்கிறது, யாருக்கும் சொந்தமில்ல. ஆனாலும் லெட் ஜெப்பலின் அமெரிக்காவுல முதல் கச்சேரி பண்ணின 1968 டிசம்பர் ராத்திரி டென்வர்ல அதே மேடையில ஸ்பிரிட்டும் இருந்துச்சு, ஸ்பிரிட்டோட கிடாரிஸ்ட் ராண்டி கலிஃபோர்னியா எழுதின டாரஸ்ங்கிற அந்தச் சின்ன வாத்திய இசையையும் ஒரு தடவை கேளுங்க, அழகா இருக்கும், கேஸ்ல தோத்ததுனால அது மோசமான பாட்டு ஆயிடாது.

பாடினவருக்கே இந்தப் பாட்டு சலிச்சுப் போச்சேன்னு கட்டுரையில ஒரு வரி இருந்துச்சு. உண்மைதான், பிளான்ட் 1988லயே, ஒவ்வொரு கச்சேரியிலயும் இதைப் பாடச் சொன்னா உடம்பெல்லாம் தடிச்சுடும்னு பேட்டி குடுத்திருக்காரு. ஆரிகன்ல போர்ட்லாண்ட் பக்கம் போகும்போது, ஸ்டேர்வே போடவே மாட்டோம்னு சொல்லி நன்கொடை கேட்ட ஒரு ரேடியோவுக்குப் பணம் குடுத்ததா அவரே சொல்லியிருக்காரு. இதைப் பலர் சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க, எனக்கு அப்படித் தெரியல. அந்த வரிகளை எழுதும்போது அவருக்கு வயசு 22, ஹெட்லி கிரேஞ்ச்ங்கிற பழைய வீட்டுல கணப்புப் பக்கத்துல உக்காந்து எழுதினது, அந்தப் பையன் நினைச்சதையே அறுபது வயசுலயும் நினைச்ச மாதிரி நடிச்சுப் பாடுன்னா ஒரு நேர்மையான பாடகருக்கு வலிக்கும்.

அவரு பாட்டை வெறுக்கலங்கிறதுக்கு, அமெரிக்காவுல லெட் ஜெப்பலினைக் கௌரவிச்ச 2012 டிசம்பர் கென்னடி சென்டர் விழா போதும். ஹார்ட்ங்கிற ராக் குழுவோட ஆன், நான்சி வில்சன் சகோதரிகள் பாடினாங்க, செத்துப்போன பான்ஹாமோட மகன் ஜேசன் ட்ரம்ஸ், பின்னாடி ஒரு பெரிய கோரஸ், பான்ஹாம் போட்டுக்கிற தொப்பியைப் போட்டுக்கிட்டு நின்னாங்க, மேல பால்கனியில பிளான்டுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வேற யாரோ பாடி, அவரு சும்மா உக்காந்து கேட்ட நேரம் அது. பாட்டு அவர்கிட்ட திரும்பி வந்துச்சு. 2007ல லண்டன் ஓ2 அரங்கத்துல குழுவோட பாடினதுக்கு அப்புறம் 16 வருஷம் அதைத் தொடாம இருந்தவரு, 2023 அக்டோபர்ல புற்றுநோய் உதவிக்கு நிதி திரட்டுற ஒரு நிகழ்ச்சியில மறுபடி பாடினாரு. அவ்வளவு இடைவெளி விட்டுப் பாடினதால அது உலகம் முழுக்க செய்தியாச்சு.

அதனால என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ரேடியோ நடத்துறவங்க, ஆன்லைன்ல பிளேலிஸ்ட் போடுறவங்க எல்லாரும் இந்தப் பாட்டைக் கம்மியாப் போடுங்க, போடும்போது ஆரம்பத்துல பேசாம, கடைசி வரியை விளம்பரத்தால வெட்டாம, 8 நிமிஷம் 2 செகண்டும் போடுங்க. வருஷக் கடைசியில ஓட்டெடுப்பு வச்சு இதையே முதல் இடத்துல உக்கார வைக்கிறதை நிறுத்தினாலும் நல்லதுதான், கேக்காமலே ஓட்டுப் போடுறவங்களும் கேக்காமலே திட்டுறவங்களும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுறாங்க. முடிஞ்சா அந்த ஆல்பத்தோட முதல் பக்கத்தை வரிசையாப் போடுங்க, இது நாலாவது, அந்தப் பக்கத்தோட கடைசிப் பாட்டு. அதுக்கு நேர் முன்னாடி சாண்டி டென்னிங்கிற பாடகியும் பிளான்டும் சேர்ந்து பாடின, ட்ரம்ஸே இல்லாத மேண்டலின் பாட்டு ஒண்ணு வரும், அந்த அமைதியிலேர்ந்து ஸ்டேர்வே தொடங்கும்போதுதான் அந்த முதல் கிடார் எதுக்கு அவ்வளவு மெல்ல வருதுன்னே புரியும், பாட்டைத் தனியாப் பிச்சு எடுத்தா இது கிடைக்காது.

கட்டுரை எழுதினவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ரெண்டாவது பக்கத்தைப் பத்தி அடுத்த தடவை எழுதுங்க. அதுல கடைசியா வர்ற வென் தி லெவி பிரேக்ஸ் பாட்டுக்கு பான்ஹாமோட ட்ரம்ஸை அதே ஹெட்லி கிரேஞ்ச் வீட்டு மாடிப்படிக் கூடத்துல கீழ வச்சு, மைக்கை மேல தொங்கவிட்டுப் பதிவு பண்ணினாங்க, அந்தச் சத்தத்தைப் பத்தி மட்டுமே ஒரு முழுப் பக்கம் எழுதலாம், நீங்க எழுதினா நான் கண்டிப்பா படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்