லயக் காம்பராவுக்குள் கழியும் விடுமுறை

ஐயா,

பாடசாலை விடுமுறை என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் பயணம், மேலதிக வகுப்பு. மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் வரிசை வீட்டு அறையான லயக் காம்பராதான். சின்னஞ்சிறுசுகளைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பிள்ளைமடுவம் இருக்கிறது. பாடசாலை வயது வந்த பிள்ளைகளுக்கு? அம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போய்விட்டால், பத்து வயது அக்காதான் தம்பிக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டும்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் சொந்தச் செலவில் வந்து, எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் முகாம் நடத்தினார்கள். பாட்டு, நாடகம், சித்திரம் என்று ஒரே கலகலப்பு. கடலை வரையச் சொன்னபோது ஒரு பிள்ளை அதைப் பச்சையாகத் தீட்டி, ஓரத்தில் கொழுந்துக் கூடை ஒன்றும் வைத்திருந்தாள். நுவரெலியா மாவட்டத்துக்கு ஏது கடற்கரை? அவள் கண்ட பெரிய பரப்பெல்லாம் தேயிலைதான்.

இனி வரும் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகஸ்டில் அட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை. பிள்ளைகள் நனைந்துகொண்டு, காலில் அட்டையோடுதான் வந்தார்கள். பதுளை, அப்புத்தளைப் பக்கம் அப்போது மழை குறைவு, அங்கே ஆகஸ்ட் சரி. எங்களுக்கு ஏப்ரலில், புத்தாண்டு முடிந்த கையோடு வந்தால் வசதி. அப்புறம், கொப்பி கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாமே. பெற்றோர் கூசிப் போகிறார்கள்.

தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது மண்டபச் சாவியும் குடிதண்ணீரும்தான். சென்ற முறை அந்தச் சாவிக்கே இரண்டு நாள் அலைந்தோம்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை,
அட்டன்