ஓடிபி கட்டத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

இணையதளப் பொறுப்பாளர்களுக்கும் நிரலாளர்களுக்கும்,

வணக்கம். லாகின் பக்கத்தைப் புதுப்பித்த நாள் முதல், திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர்களால் உள்ளே போக முடியவில்லை என்று வரும் புகார்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பதிலுக்குத் திரையின் மூலையில் சக்கர நாற்காலிப் படம் போட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லும் ஒரு விட்ஜெட்டை ஒட்டியிருக்கிறீர்கள். நன்றி. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

ஓடிபி கேட்கும் இடத்தை மட்டும் பாருங்கள். ஆறு இலக்கத்துக்கு ஆறு கட்டம். ஒன்றுக்கும் லேபிள், அதாவது ஸ்க்ரீன் ரீடர் வாசித்துச் சொல்லும் பெயர், இல்லை. என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரில் போனால் கட்டத்துக்குக் கட்டம் "எடிட், பிளாங்க்" (எழுதும் இடம், காலி) என்றுதான் கேட்கும். ஓர் எண்ணை அடித்ததும் உங்கள் ஸ்கிரிப்ட் அடுத்த கட்டத்துக்குத் தாவுகிறது. அடித்தது எந்த எண் என்று காதில் விழுவதற்குள் மறுபடி "எடிட், பிளாங்க்". நிற்பது மூன்றாவதிலா, நான்காவதிலா? எண் தவறினால் பிழைச் செய்தி சிவப்பில் வருகிறது, சத்தமே இல்லாமல். 'சரிபார்' என்பது பட்டனே இல்லை, கிளிக் வைத்த டிவ், வெறும் பெட்டி. கீபோர்டின் டேப் விசை அதைத் தொடாமல் தாண்டிவிடும். இந்த அலைச்சலில் ஓடிபி காலாவதியாகிவிடும்.

விட்ஜெட் இதில் எதைத் திருத்தியது? எழுத்தைப் பெரிதாக்குகிறது, கண்ட்ரோலும் கூட்டல் குறியும் சேர்ந்து பிரவுசரில் எப்போதோ செய்துவந்த வேலை. தன் குரலிலும் வாசிக்கிறது. ஸ்க்ரீன் ரீடர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதையும் ஓடவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

திருத்தம் சின்னதுதான். ஆறு கட்டத்தை ஒரே இன்புட் ஆக்கி, லேபிளின் ஃபாரில் அதன் ஐடியைக் கொடுத்து இரண்டையும் இணையுங்கள். ஆட்டோகம்ப்ளீட்டில் ஒன்-டைம்-கோட் என்று போட்டால், எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணைப் பல ஃபோன்கள் தாமே நிரப்பித் தரும். டிவ்வை பட்டன் ஆக்கினால் டேப் அங்கே நிற்கும், எண்டரும் ஸ்பேஸும் தனி ஸ்கிரிப்ட் இல்லாமலே வேலை செய்யும். பிழைச் செய்தி வரும் இடத்துக்கு ரோல் அலர்ட் கொடுங்கள், ஸ்க்ரீன் ரீடர் அதை உடனே வாசிக்கும்.

பக்கங்களைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் கருவியில் 100 வாங்கியதாகச் சொல்கிறீர்கள். படத்தை விவரிக்கும் ஆல்ட்டில் 'படம்1' என்று எழுதினாலும் அது பாஸ் போடும். எழுதியதற்குப் பொருள் உண்டா என்று அதற்குத் தெரியாது. மவுஸைக் கழற்றிவிட்டு டேபிலேயே உங்கள் பக்கத்தைக் கடந்து பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்கும் தெரியாது: நிற்கும் இடத்தைச் சுற்றிக் காட்டும் ஃபோகஸ் கோடு டிசைனுக்குப் பொருந்தவில்லை என்று அவுட்லைன் நன் போட்டு அழித்தாயிற்று. அழகு முக்கியம்தான், உள்ளே போக முடிந்தவர்களுக்கு.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த அப்டேட்டிலாவது விட்ஜெட்டை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்துக்கு ஒரு லேபிள் வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஸ்க்ரீன் ரீடரில் தளங்களைச் சோதிப்பவர்கள்