கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே வாருங்கள்

வடசென்னையில் நாய், பூனை வளர்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தெருநாய்களுக்குத் தினமும் சோறு வைக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பது என் தொழில். நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அதுதான். 11 ஆண்டுகள் மனிதர்களுக்குக் கொடுத்தேன். கடந்த 6 ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு விலங்கு மருத்துவமனையில் நாய்களுக்கும் பூனைகளுக்கும் கொடுத்துவருகிறேன். விடுப்பில் வீட்டுக்கு வந்த இடத்தில் இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஜூலி, எதிர்வீட்டு அக்காவின் நாய். அடிவயிற்றில் காம்பை ஒட்டித் தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. தோல் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே காய்ந்துபோன மஞ்சள் பற்று. "எப்போதிலிருந்து அக்கா?" என்று கேட்டேன். "போன பொங்கலுக்கு முந்தின பொங்கல். அப்போது நெல்லிக்காய் மாதிரிதான் இருந்தது. பழுத்து உடைந்துவிடும் என்று இருந்துவிட்டேன், தங்கச்சி" என்றார். அவர் சும்மா இருக்கவில்லை. தினமும் வெந்நீரில் துடைத்து, மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறார். அந்த அன்பில் ஒரு குறையும் இல்லை. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நுரையீரல் முழுக்க வெள்ளை உருண்டைகள். புற்று அங்கும் பரவிவிட்டது. எத்தனையோ படங்களைப் பார்த்தவள் நான். அன்று அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெட்டை நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் புற்று. எது புற்று, எது வெறும் கட்டி என்று தடவிப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். சிறியதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டால் பல நாய்களுக்கு அதோடு தீர்ந்தது. கரண்டும் வேண்டாம், நானும் வேண்டாம். முதல் பருவத்துக்கு வருமுன் கருத்தடை செய்த நாய்க்கு இந்தக் கட்டி வருவதே மிக அரிது. 'ஒரு ஈற்றாவது போடட்டும், உடம்புக்கு நல்லது' என்று நம் தெருக்களில் சொல்வதைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் வேறொரு கட்டியைப் பார்த்திருப்பீர்கள். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலச் சிவந்து இரத்தம் சொட்டும். இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்று அது, மனிதருக்குத் தொற்றாது. அருவருத்துக் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். ஆனால் இவ்வளவு எளிதில் குணமாகும் புற்றை நான் கண்டதில்லை. வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி; பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரங்களில் கட்டி இருந்த இடமே தெரியாது. ஊசிக்கு மசியாத கட்டி கரண்டுக்கு நன்றாகவே கேட்கும். அந்த மருந்தை எடுப்பது நித்தியகல்யாணியிலிருந்து. தண்டவாள ஓரத்திலும் வாசல் தொட்டியிலும் பூக்கிறதே, அதே செடி. (பறித்து அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.)

கரண்ட் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன். மூக்குக்குள் புற்று வந்த லாப்ரடார். அசையாமல் படு என்றால் மனிதர் படுப்பார், நாய் படுக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் வரவழைத்து மயக்க மருந்து கொடுக்க வேண்டும். மேற்பற்களை அச்சில் பொருத்தி, லேசர் கோடுகளுக்கு மில்லிமீட்டர் கணக்கில் தலையை நேராக்குவேன். பிறகு எல்லோரும் வெளியேறிக் கனத்த கதவை மூடிவிட வேண்டும். உள்ளே அது மட்டும்தான். அந்தச் சில நிமிடங்களும் என் கண் திரையில் அதன் விலா ஏறி இறங்குவதிலேயே இருக்கும். வாய் எரிகிறது என்று மனித நோயாளி சொல்வார். இது சொல்லாது. தண்ணீர்க் கிண்ணம் வரை வந்து, முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பினால் நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். மற்றபடி, கதிர்வீச்சு அதன் உடம்பில் தங்காது. வீட்டுக்குப் போனதும் குழந்தைகள் கட்டிப்பிடிக்கலாம். பட்ட இடத்தில் முடி கொட்டும், திரும்ப வெள்ளையாக முளைப்பதும் உண்டு. எலும்புப் புற்று வந்த நாய்களுக்கு வலியைக் குறைப்பதற்காக மட்டும் சில தடவை கொடுப்போம். மூன்று காலில் நொண்டி வந்தது, நான்காவது காலைத் தரையில் ஊன்றி நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த இயந்திரத்தின் விலை கோடிகளில். எல்லா ஊரிலும் இருக்காது, இருந்தாலும் எல்லோராலும் செலவழிக்க முடியாது. முடியாதவர் அன்பில்லாதவர் என்று யார் சொன்னாலும் நான் ஒப்பமாட்டேன். மீன் விற்று வந்த காசில் பாதியை நாய்க்கு மீனும் சோறுமாகச் செலவழிக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்ப நெல்லிக்காயைப் பற்றியே பேசுகிறேன்.

மாதம் ஒருமுறை குளிப்பாட்டும்போது வயிறு, அக்குள், உதட்டின் உட்புறம், கால் விரலிடுக்கு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பூனை என்றால் காது நுனியைப் பாருங்கள். ஆறாத புண் அங்கே இருந்தால் அது வெயிலால் வந்த புற்றாக இருக்கலாம். எதுவானாலும் பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்கு எட்டும் தூரம்தான்.

ஜூலிக்கு இப்போது வலி மருந்து மட்டும் கொடுத்துவருகிறோம். நேற்று அக்கா கொடுத்த நெத்திலியை முழுவதும் தின்றது. அதன் மகளுக்கு நான்கு வயது. அதன் மடியில் நேற்று அக்காவின் கைக்கே ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டது. நாளை மறுநாள் காலை 7 மணிக்கு அதையும் தெருவில் இன்னும் இரண்டு நாய்களையும் வேப்பேரிக்கு அழைத்துப் போகிறோம். ஆட்டோவில் இன்னும் ஒரு நாய்க்கு இடமிருக்கிறது.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி