சுவிஸில் பிரியென்ஸ் ஏரிக்கரை வரை என்னைக் கூட்டிப்போன எல்லோருக்கும்

அன்புள்ள அயலவர்களுக்கும், சுவிஸில் இருக்கிற என் பழைய மாணவர்களுக்கும்,

காலபோக வேலை முடிந்து நெல்லும் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆறுதலாக இருந்து இதை எழுத முடிகிறது. போனில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்தான், ஆனால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று ஊருக்கும் தெரிய வேண்டும், அதுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டார்கள். போடவில்லை, வாசிக்கும்போது யார் என்று உங்களுக்கே விளங்கும்.

என்னிடம் உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களுக்குத் தெரியும், பனியாறு, அதுதான் மலையில் இறுகி மெல்ல மெல்ல நகருகிற பனிக்கட்டி, அந்தப் பாடம் வந்தால் எனக்கு ஒரு மணித்தியாலம் போதாது. யு வடிவப் பள்ளத்தாக்கு, தொங்கு பள்ளத்தாக்கு, பனியாறு தள்ளிக்கொண்டு வந்து விடுகிற கல் மேடு எல்லாவற்றையும் கரும்பலகையில் கீறிக் கீறியே காலம் போனது. இடம்பெயர்ந்த காலத்தில் புதுக்குடியிருப்பில் மரத்துக்குக் கீழே இருத்திப் படிப்பித்த பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பேர்ண், இன்டர்லாக்கன், பிரியென்ஸ் என்று ஆளுக்கொரு திசையில் வேலை செய்துகொண்டு, தங்களுக்குள் கதைத்துக் காசு சேர்த்து, "ரீச்சர், படத்தில் காட்டினதை நேரில் பார்க்க வாங்கோ" என்று 2024இல் கூப்பிட்டார்கள். அந்தப் போன் வந்த அன்று நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை.

ஊரில் இருந்து தொடங்குகிறேன். சந்தியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிற தம்பி, விசா விண்ணப்பத்தை வரி வரியாக எனக்கு வாசித்துக் காட்டி நிரப்பினீர்கள். வங்கிக் கூற்று, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி என்று கேட்கக் கேட்கச் சலிக்காமல் அடித்து எடுத்துத் தந்துவிட்டு, பிரதிக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் என்னோடு வந்து, வெள்ளவத்தையில் தன் சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்து, விரல் அடையாளம் கொடுத்து முடியும் வரை வாசலில் நின்ற தங்கச்சிக்கும் நன்றி. பசுவையும் கன்றையும் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் பாலை விற்று வந்த காசை ஒரு ரூபாய் எடுக்காமல் போத்தலில் போட்டு வைத்திருந்தீர்கள். அதைப் பற்றி நான் உங்களோடு இன்னும் சண்டை பிடித்து முடியவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய உதவி வயல் அண்ணையுடையது. சிறுபோகத்தில், அதுதான் வெயில் கால விதைப்பில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்காது, பங்கு போட்டுத்தான் விதைப்போம், பிறகு முறைத் தண்ணீர். முறை நடுச்சாமத்தில் வந்தாலும் டோர்ச்சும் மண்வெட்டியுமாகப் போய், தன் வயலுக்குப் பாய்ச்சின கையோடு என் பங்குக்கும் மடை திறந்து விட்டவர். நெல் கதிர் வெளியே வரமுன் குடலைப் பருவத்தில் நின்ற நேரம் அது, ஒரு முறை தவறியிருந்தாலும் எல்லாம் பதராகப் போயிருக்கும். அண்ணை, நான் அங்கே நிம்மதியாக நடந்து திரிந்தது நீங்கள் இங்கே வரம்பில் நின்றதால்தான்.

சரி, இனி பிரியென்ஸ். ஏரிக்கரையில் மரவீடுகள் நெருங்கி நிற்கிற சின்ன ஊர், இன்டர்லாக்கனில் இருந்து ரயிலில் இருபது நிமிடம் அளவு. ஏரி 14 கிலோமீற்றர் நீளம், ஆழமான இடத்தில் 260 மீற்றர். அதன் பச்சை நீலத்தை முதல் நாள் கண்டதும் யாரோ சாயம் கரைத்து விட்டார்களோ என்றுதான் இருந்தது. காரணம் நான் படிப்பித்ததுதான், பனியாறு நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவை ஆரே ஆறும் லுட்ஷினே ஆறும் கொண்டுவந்து விடுகின்றன, மிக நுண்ணிய துகள் சட்டென்று அடியில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. பாடமாகத் தெரிந்திருந்தும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று நிறம் மாற மாறப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஹொட்டேல் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து எனக்குக் குரக்கன் புட்டு அவித்துத் தந்த பிள்ளை, உன் வீட்டு யன்னல் எனக்குக் கிடைத்த பெரிய வகுப்பறை. உன் இரண்டு பிள்ளைகளும் தங்கள் அறையை எனக்கு விட்டுவிட்டு வரவேற்பறையில் படுத்தார்கள், அவர்களுக்கும் அம்மம்மாவின் நன்றி.

கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கு ஜேர்மன் மட்டும்தான் தெரியும், எனக்கு அது ஒரு சொல்லும் தெரியாது. என் செருப்பைப் பார்த்தார், உள்ளே போனார், தன் மகளின் மலைச் சப்பாத்தும் தடித்த கம்பளிச் சட்டையும் கொண்டுவந்து காலடியில் வைத்தார். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர், 1884இல் தொடங்கிய சிற்பப் பள்ளி இன்றும் நடக்கிறது, அங்கேயும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ரொட்ஹோர்ன் மலைக்கு 1892இல் இருந்து ஓடுகிற நீராவி ரயிலும் பார்த்தேன்.

பனியாறு பார்க்க மைரிங்கனில் இருந்து மஞ்சள் தபால் பஸ்ஸில் சுஸ்டன் கணவாய்ப் பக்கம் போனோம். வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறுகிறது. ஸ்டைன் பனியாற்றடியில் இறங்க என் முழங்கால் மறுத்தபோது சாரதி தானே எழும்பி வந்து கை கொடுத்து இறக்கினார், பஸ்ஸில் இருந்த சனம் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. நடந்து போகும் வழியில் முன்பின் தெரியாத ஒரு வயதான தம்பதி தங்கள் ஊன்றுகோலில் ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் போனார்கள். பஸ் தரிப்பிடத்தில் வைத்துவிட்டால் போதுமாம்.

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இல்லை, கல்லும் மண்ணும் பூசிச் சாம்பல் நிறத்தில் மலையில் இருந்து இறங்கி நிற்கிறது, வெடிப்புகளுக்குள்ளே மட்டும் நீலம். முன்னால் ஒரு ஏரி. பனி பின்வாங்கிய பள்ளத்தில் தேங்கின தண்ணீர் அது. பாறையில் பனியாறு இழுத்த கீறல்களைக் கையால் தடவிப் பார்த்தேன், அழுதும் விட்டேன், கூட வந்த பிள்ளைகளும் அழுதார்கள். சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே வருடத்தில் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. என் மாணவர்களின் பிள்ளைகள் வளர்ந்து அங்கே போகும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நினைக்க வயிறு எரிகிறது.

அப்புறம் அந்த 2024 ஓகஸ்ட் 12. பின்னேரம் இடியோடு மழை, மிலிபாக் என்ற சின்ன ஓடை கொஞ்ச நேரத்துக்குள் மரமும் பாறையும் சேறுமாக ஊருக்குள் இறங்கியது. ரயில் பாதையும் வீடுகளும் சேதம், பலர் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. இங்கே இருந்து போன் எடுத்தவர்கள் "பனிமலை உடைஞ்சு வந்திட்டுதாம்" என்றீர்கள். அது பனியாறு இல்லை, மலைச்சரிவில் கொட்டிய மழை. அந்த ஊருக்கு இது புதிதும் இல்லை, 2005 ஓகஸ்டில் இன்னொரு ஓடை இப்படி வந்து இரண்டு உயிரைக் கொண்டுபோனது. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு எல்லாம் திறந்தபோது நாங்கள் பட்டது எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் பாறை உருளுகிற சத்தத்தோடு வருகிற வெள்ளத்தை நான் கண்டதில்லை. அன்றிரவு தீயணைப்பு உடுப்போடு வீடு வீடாகத் தட்டியவர்களில் பலர் பகலில் வேறு தொழில் செய்கிற ஊரவர்கள். வீட்டுக்காரம்மா எங்களைத் தன் வீட்டில் இருத்தித் தேநீர் போட்டுத் தந்து, என் கையை விடாமல் விடியும் வரை பக்கத்திலேயே இருந்தார். இடம்பெயர்ந்த காலத்தில் யாருடைய வளவிலோ இருந்த எனக்கு அந்தக் கையின் அருமை தெரியும்.

ரயில் ஓடாதபடியால் என்னைக் கூட்டிப்போக இன்டர்லாக்கனில் இருந்து வேலைக்கு லீவு போட்டுக் கார் கொண்டுவந்த தம்பிக்கும், பேர்ணில் பல சமயங்களின் இல்லத்துக்குள் இருக்கிற கோயிலில் சாப்பாடு தந்து அனுப்பியவர்களுக்கும், சூரிச் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளிய, பெயர் கேட்கவும் நேரம் கிடைக்காத பிள்ளைக்கும் நன்றி.

2025ஐ ஐக்கிய நாடுகள் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்தது, மார்ச் 21 உலகப் பனியாறுகள் தினம். அன்று பின்னேரம் எங்கள் வீட்டு முற்றத்தில் படங்கள் போட்டுக் காட்டுவேன், உயர்தரப் பிள்ளைகளை அனுப்புங்கள், பெரியவர்களும் வரலாம். இன்னொன்று, வீட்டுக்காரம்மாவுக்குத் தேநீரோடு கடிக்கிற பனங்கட்டி நல்லாய்ப் பிடித்துப் போனது. சித்திரைக்குப் பிறகு சுவிஸ் போகிறவர்கள் யாராவது ஒரு சின்னப் பார்சல் கொண்டுபோவதென்றால் சொல்லுங்கள், கட்டி ஆயத்தமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் புவியியல் ரீச்சர்,
கிளிநொச்சி